கருகின வடை அடிமைக்கு

எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நியெலே கூலிபாலி ஒரு சொட்டு மாவைச் சட்டியில் உதறுகிறாள். அது சுர்ரென்று மேலே வந்ததும் முதல் வடையைப் போடுகிறாள். போட்டதோடு அதை மறந்தும் விடுகிறாள், வேண்டுமென்றே. பின்னால் போட்டவையெல்லாம் பொன்னிறமாகிக் கூடைக்குப் போன பிறகும் அந்த முதல் வடை மட்டும் சட்டியின் ஓரத்தில் கிடந்து கருகிக்கொண்டிருக்கும். அது எதிர்ச்சாரியில் பஞ்சர் ஒட்டுகிற ஃபமூசா கெய்த்தாவுக்கு.

"ஏ பயறுதின்னி! விக்கிறதுக்கு ஏதாச்சும் மிச்சம் வச்சிருக்கியா, இல்ல ராத்திரியே எல்லாத்தையும் முழுங்கிட்டியா?" என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தபடியே ஃபமூசா அவள் முன்னால் வந்து நிற்பான்.

"மூஞ்சிகூட கழுவாம எசமானி முன்னால வந்து நிக்கிற அடிமைய இந்த ஊர்லதான் பாக்குறேன். கைய நீட்டுடா."

நீட்டிய கையில் கருகின வடை கொதிக்கக் கொதிக்க விழும். அவன் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகத் தூக்கிப்போட்டுக் குதிப்பான். தலைநகர் பமாக்கோவுக்குப் போகிற பச்சை வேன்களின் கண்டக்டர்கள் ஆள் நிரம்பியும் வண்டியைக் கிளப்பாமல் இந்தக் கூத்து முடியட்டும் என்று நிற்பார்கள். உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார்களே தவிர, கிளப்பு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இந்தக் கலபன்கோரோ ஊரில் இது நடக்காமல் பொழுது விடிந்ததாகக் கணக்கில்லை.

கெய்த்தா என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களும் கூலிபாலி என்ற பெயர் உள்ளவர்களும் ஒருவரையொருவர் ஏசியே ஆகவேண்டும். பூட்டன் காலத்து ஏற்பாடு இது. நீ அடிமை, நான் எசமான் என்று இருவருமே சொல்லிக்கொள்ளலாம். கோபம் வரக்கூடாது, வந்தால் மானம் போய்விடும். கூலிபாலிகளுக்கு இதில் கூடுதலாக ஒரு பட்டமும் உண்டு. அவர்கள் பயறுதின்னிகள், பயற்றைக் கண்டால் பெற்ற பிள்ளையையும் மறந்துவிடுவார்கள் என்பது நாடறிந்த கேலி. அப்படியிருக்க ஒரு கூலிபாலிப் பெண் தட்டப்பயறை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, நட்டநடு நிறுத்தத்தில் வடை சுட உட்கார்ந்தால் கெய்த்தாக்கள் சும்மா விடுவார்களா?

நியெலேக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பெரிய உடம்பு, சின்ன முக்காலி. அவள் உட்கார்ந்த பிறகு முக்காலி இருப்பது யாருக்கும் தெரியாது. கைப்பேசியைத் தலைத்துணிக்குள் காதோடு சேர்த்துச் செருகி வைத்திருப்பாள். மகள் கூப்பிட்டால் இரண்டு கையாலும் வடையைப் புரட்டிக்கொண்டே பேசுவாள். புதிதாக வருகிறவர்கள் இந்த அம்மாள் எண்ணெயோடு சண்டை போடுகிறாள் என்று ஒரு அடி தள்ளி நிற்பார்கள். வாங்க வருகிறவர்களிடம் எத்தனை வடை என்று அவள் முதலில் கேட்பதில்லை. என்ன பெயர் என்று கேட்பாள், அதுவும் குடும்பப் பெயரை. வடை எல்லோருக்கும் ஒன்றுதான். வசவு மட்டும் பெயருக்கு ஏற்றபடி கிடைக்கும்.

என்னையும் அப்படித்தான் கேட்டாள். தண்ணீர்க் குழாய் போடுகிற கம்பெனி வேலையாக மூன்று மாதத்துக்கு இந்த ஊரைப் பார்க்க வந்தவன் நான். வந்து இறங்கிய மறுநாள் காலை வடை வாசனை என்னை மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தியது.

"குடும்பப் பேரு?"

"எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் கிடையாதும்மா. அப்பா பேரோட முதல் எழுத்து மட்டும்தான்."

"எழுத்த வச்சுக்கிட்டு எவன் உன்ன ஏசுவான்? பேரில்லாம இந்த ரோட்ல எப்படி நடப்ப?" அவளுக்கு நிஜமாகவே பாவமாகிவிட்டது. நான் ஐந்தாவது வடையை வாயில் வைத்திருப்பதைப் பார்த்தாள். "இவ்ளோ பயறு திங்கிறவன் வேற யாரா இருப்பான்? நீ கூலிபாலிதான். போ."

எதிர்ப்பக்கத்திலிருந்து உடனே, "பயறுதின்னிக்கு கப்பல்ல ஆள் வந்து எறங்குதுடோய்!" என்று சத்தம் வந்தது. ஊருக்குள் வந்து ஒரு நாள் முடியவில்லை, எனக்குப் பெயரும் கிடைத்து எதிரியும் கிடைத்தாயிற்று. மூன்று மாதம் பல வருஷமானதற்கு அந்தக் காலையும் ஒரு காரணம்.

நியெலேயிடம் ஒரு விசித்திரம் உண்டு. அவள் சுட்ட வடையை அவள் தின்று ஒருவரும் பார்த்ததில்லை. பசித்தால் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து வெறும் ரொட்டியைத் தின்பாள். உப்புப் பார்க்கக்கூட மாவை நாக்கில் வைக்கமாட்டாள், பக்கத்து மாம்பழக்காரியிடம்தான் கொடுப்பாள்.

"ஏன்க்கா, ஒண்ணு தின்னா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க பாரு, டயரக் கழட்டுற மாதிரி கழட்டிக்கிட்டு, கண்ணு பூரா எம்மேலயே வச்சிருக்கான். ஒரு வடை என் வாய்க்குள்ள போனா போதும், பமாக்கோ வரைக்கும் கேக்குற மாதிரி கத்துவான். அந்த சந்தோசத்த அவனுக்கு நான் கொடுக்கவா? செத்தாலும் மாட்டேன்."

ஃபமூசா அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தான். ஏதாவது ஒரு பெரிய லாரி வந்து இடையில் நின்றுவிட்டால், ஸ்பேனரோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

கடைவாசலில் நாற்காலி போட்டு, கைத்தடியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருப்பவர் அவனுடைய அப்பா மாகான் கெய்த்தா. நியெலே செகூ என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மூட்டையும் சட்டியுமாக வந்து இந்த நிறுத்தத்தில் அடுப்பு வைத்த முதல் நாள், ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லையாம். பொழுது ஏறிக்கொண்டிருந்தது. மாகான் நாற்காலியைவிட்டு எழாமல், "என் தெருவுக்குள்ள பயறுதின்னிய அவுத்துவிட்டது யாருடா?" என்று கத்தினாராம். தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் வந்து வாங்கினார்கள். அன்று சாயங்காலம் கூடையில் ஒரு வடை மிஞ்சவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் நியெலேயின் குரல் தணிந்துவிடும்.

"நான் செத்தா நீ வந்து சத்தம் போடணும். அழுதேன்னு வை, எந்திரிச்சு வந்து உதைப்பேன்" என்று கிழவர் அவளிடம் அடிக்கடி சொல்வார்.

"சீக்கிரம் சாவு, தொண்டை காஞ்சு கெடக்குறேன்" என்பாள் இவள்.

இந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் மாகான் இறந்துபோனார்.

சாவு வீட்டில் கெய்த்தாக்களைச் சிரிக்கவைப்பது கூலிபாலிகளின் உரிமை, கடமையும்கூட. பாயில் கிடப்பவரிடம் போய், தூங்கினது போதும் எழுந்திரு என்று அதட்டலாம். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மாதிரியே இருமிக் காட்டலாம். அழுகிறவர்கள் நடுவில் சிரித்துவிடுவார்கள், சிரித்த பிறகுதான் அழுகையும் ஒழுங்காக வரும். ஃபமூசா அன்று கண் கலங்காமல் வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்காக என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

நியெலே வந்தாள். சலவைத் துணி உடுத்தி, தலையில் முக்காடிட்டு, குனிந்த தலையோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அடக்கமாட்டாமல் அழுதாள். பிறகு எழுந்து ஃபமூசாவின் முன்னால் வந்து, இரண்டு கைகளையும் விரித்து, "இறைவன் அவர் படுத்த இடத்தைக் குளிர வைக்கட்டும்" என்றாள்.

"ஆமீன்" என்றான் ஃபமூசா. அவன் முகம் அப்போது இறுகிப்போனதை நான் பார்த்தேன்.

மூன்று நாள் கழித்துக் கடை திறந்தான். சாலையைக் கடந்து நேராக நியெலேயிடம் வந்தான். வேனில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"காலை வணக்கம். நல்லபடியா எழுந்தீங்களா?"

"சமாதானம்தான்" என்றாள் நியெலே, திகைத்துப்போய். "வீட்ல எல்லாரும்..."

"சமாதானம். நாலு வடை கொடுங்க."

பொன்னிறமான நாலு வடை காகிதத்தில் மடித்துக் கைமாறியது. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். சேடூ என்ற கண்டக்டர் என்னிடம் வந்து, "என்னண்ணே இது, செத்தது யாரு?" என்றான்.

"அவங்க அப்பா. உனக்குத் தெரியாதா?"

"அது தெரியும். அதுக்கப்புறம் யாரு செத்தா?"

ஒரு வாரம் பொறுத்துவிட்டு நியெலே முயன்று பார்த்தாள். "டேய் அடிமை, மூஞ்சியக் கழுவுனியாடா?" என்று கத்தினாள். அவன் டயரிலிருந்து தலையை நிமிர்த்தி, "சொல்லுங்கம்மா" என்றான். அந்த 'அம்மா' அவளைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் முதல் வடையைக் கருகவிடுவதை நிறுத்தவில்லை. கூடையெல்லாம் தீர்ந்த பிறகு அதை எடுத்துக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு எழுந்து போவாள்.

ஃபமூசாவிடம் நானே போய்க் கேட்டேன்.

"நீயும் அவ ஆளுதான், உங்கிட்ட சொல்றதுல என்ன இருக்கு" என்றான். "அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் அதே வார்த்தையத்தான் சொன்னாங்க. நகராட்சிக்காரன் சொன்னான், எங்கப்பன் பேரே தெரியாதவன்லாம் சொன்னான். அவ வந்தா எங்கப்பன் மாதிரி இருமுவா, நான் சிரிப்பேன், அப்புறம் அழுதுடுவேன்னு இருந்தேன். அவளும் அதையே சொல்லிட்டா. அப்படின்னா நாங்க அவளுக்கு அந்நியந்தான? இன்னும் எனக்கு அழுகையே வரல."

சேனூவில் அண்ணன் கடைக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். அப்பாவின் நாற்பதாம் நாள் முடிந்ததும் அங்கே போய்விடப் போவதாகச் சொன்னான். நான் இதை நியெலேயிடம் சொன்னபோது அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசணும்னுதான் போனேன். அவரோட தொப்பியக்கூட எடுத்துத் தலையில வச்சுக்கணும்னு நெனச்சேன். அந்த நாற்காலி வாசல்ல காலியா இருந்துச்சு. வாயத் தொறந்தா அழுகதான் வந்துச்சு. நான் என்ன செய்ய? என்னை இந்தத் தெருவுல சேத்துக்கிட்ட வாய் அது." புரட்டவேண்டிய வடைகளைப் புரட்டாமல் விட்டுவிட்டாள். அன்று மாம்பழக்காரியே கரண்டியை வாங்கிப் புரட்டினாள்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்த மறுநாள் காலை ஃபமூசாவின் கடை வாசலில் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. காற்றடிக்கிற இயந்திரம் ஏறியது. டயர்கள், தண்ணீர்த் தொட்டி, கடைசியாக அந்த நாற்காலி. சேடூ வேனைக் கிளப்பாமல் படியில் நின்றான். ஃபமூசா கயிற்றைக் கட்டிவிட்டுச் சாலையைக் கடந்து வந்தான்.

"போயிட்டு வர்றேங்க. ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க."

இந்த மன்னிப்பை ஒரு கெய்த்தா ஒரு கூலிபாலியிடம் கேட்டதைப் போன்ற கேவலம் இந்த ஊரில் நடந்ததில்லை. நியெலே கூடையிலிருந்து ஒரு வடையை எடுத்தாள். காகிதத்தில் மடித்துக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்துக் கையை நீட்டினான்.

அவள் அதைத் தன் வாயில் வைத்துக் கடித்தாள்.

சாலையைப் பார்த்தபடி, வேனைப் பார்த்தபடி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மென்றாள். பாதி வடை உள்ளே போனதும் மீதியையும் திணித்துக்கொண்டாள். உடனே இன்னொன்றை எடுத்தாள். அதையும் கடித்தாள். ஃபமூசாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. சாலையின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தான், சாட்சிக்கு ஆள் தேடுகிறவன் மாதிரி.

"தின்னுட்டா!" என்று கத்தினான். "ஊரே பாருங்க! பயறுதின்னி பயறு தின்னுட்டா! அப்பா! அப்பா, இங்க வந்து பாரு..."

அந்த 'அப்பா'வில் குரல் உடைந்துபோயிற்று. சாலை நடுவில் நின்று, சிரித்துக்கொண்டே, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சேடூ யாரும் சொல்லாமலே போய் மூன்று சக்கர வண்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

நியெலேக்கு வாய் நிறைய வடை, ஏச முடியவில்லை. கரண்டியைச் சட்டியின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கறுத்துக் கிடந்த அந்த முதல் வடையைத் தூக்கி, எண்ணெய் வடியக்கூட விடாமல், அவன் பக்கம் நீட்டினாள்.