பின் தட்டின் நான்காவது போல்ட்

அந்தத் தட்டுகளை நான் முதலில் பார்த்தது எங்கள் அளவீட்டு அறையில், ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எங்களிடம் ஒப்பந்தத்தில் வந்திருந்த கொரிய எஞ்சினியர் துணிப்பையிலிருந்து இரண்டு அலுமினியத் தட்டுகளை எடுத்து கிரானைட் மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் ஒரு கம்பி வளையம் இருந்தது. பனிமலையில் பலகைமேல் நின்று சறுக்குவது அவருடைய பைத்தியம். சாதாரண மெத்தென்ற காலணி அவருக்கு ஆகாது. கல் போன்ற பிளாஸ்டிக் பூட்ஸ்தான் போடுவார். அந்த பூட்ஸைப் பலகையோடு பிணைப்பது இந்தத் தட்டு. பைண்டிங் என்றார்.

குதிகால் பக்கத்துக் கம்பி வளைந்திருந்தது. வளைவின் உட்புறத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல். லென்ஸ் வைத்துக் காட்டியதும் அவர் முகம் மாறியது. ஜனவரியில் காஷ்மீரில் குல்மார்க் பனிமலைக்குப் போக எல்லாம் பதிவு செய்தாகிவிட்டது. புதிதாக எது வாங்கலாம் என்று என்னையே கேட்டார்.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். மிதித்தால் தானே பூட்டிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. குனிய வேண்டாம், ஆனால் குதிகால் பூட்டின் துளைக்குள் பனி அடைத்துக்கொண்டால் பூட்டு முழுசாக விழாது. இன்னொன்று பழைய வகை: கம்பியை மாட்டி லீவரை மடக்குவது. அதில் பனி ஏறினால் விரலாலேயே தட்டிவிடலாம். உலோகம் ரொம்ப விறைப்பாக இருந்தால் பலகை தன் இஷ்டத்துக்கு வளையாது, முழங்காலுக்கும் அடி. அவருக்கு எடை குறைவு, வலது முழங்காலில் பழைய வலி வேறு. பூட்ஸின் அடி விளிம்பை வெர்னியரில் அளந்தேன், இரண்டு காலுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம். பனியை நான் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் கம்பி வகையில் கொஞ்சம் இளக்கமான தட்டைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அதையே வாங்கினார். வீட்டில், "இன்னா, இன்னிக்கும் அந்தக் கொரியாக்காரு ஊட்டுக்கா? எம்மூஞ்சிய ஒருநாளாவது இவ்ளோ நேரம் பாத்துகிறீங்களா?" என்று மனைவி கேட்டாள். அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அதன் பிறகுதான் மெயின்டனன்ஸுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட மூன்று வயது இளையவர், வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். புதுத் தட்டை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மொட்டை போட்ட பிள்ளைக்கு சந்தனம் பூசுத மாதிரி தடவுதீக?"

கொரியர் என்ன என்பதுபோல் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. இவர் அனுமதி கேட்காமல் அந்த பூட்ஸுக்குள் காலை விட்டார்.

"எங்க ஊர்ல பனை ஏறுதவன் காலைக் கட்டுவான். இவுக எறங்குறதுக்குக் கட்டுதாக!" என்று சொல்லி, இரண்டு கையாலும் பனையைக் கட்டிப் பிடித்ததுபோல் நடித்துக் காட்டினார். கொரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என்னோடு இருந்த மூன்று வாரத்தில் அவர் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை.

அன்றிலிருந்து நான் கணக்கெடுக்கத் தொடங்கினேன், வேண்டாம் என்று தோன்றினாலும். இருவரும் சேர்ந்து டீ குடித்த நாட்கள், கொரியர் அவர் தோளில் கைபோட்ட தடவைகள். ஒரு மாதத்தில் கொரியர் அவரை "அண்ணாசி" என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் "மிஸ்டர் இன்ஸ்பெக்‌ஷன்". அவருக்கு அலுமினியத்தின் ரகம் தெரியாது, கம்பி எங்கே முறியும் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மனுஷனைச் சிரிக்க வைக்க. அது எனக்கு வராது.

டிசம்பரில் கொரியரோடு வரவிருந்த நண்பர் ஊர் திரும்பிவிட, குல்மார்க் பயணத்தில் ஓர் இடம் காலியானது. உங்கள் இருவரில் ஒருவர் வாருங்கள், பைண்டிங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். பனியைப் பார்க்கும் ஆசை எனக்கு அவ்வளவாக இல்லை. அவர் என்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் அப்படி விரும்பியதாக நினைவில்லை.

அந்தச் சனிக்கிழமை சுங்குவார்சத்திரத்தில் கொரியரின் ஃப்ளாட்டில் நானும் மெயின்டனன்ஸ்காரரும் பலகைமேல் தட்டுகளைப் பொருத்தினோம். தட்டுக்கு நான்கு போல்ட். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு: குறித்த இறுக்கம் வந்ததும் சத்தமிடும் டார்க் ரெஞ்சில் 'கிளிக்' கேட்டதும் போல்ட் தலையிலிருந்து தட்டுவரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு இருந்தால் முடுக்கியாயிற்று என்று பொருள். அடுத்தவன் கேள்வி கேட்கமாட்டான். அதே பேனாவைத்தான் இங்கேயும் எடுத்துப் போயிருந்தேன். ஆளுக்கு ஒரு தட்டு. கோணம் மாற்ற வேண்டும் என்று கொரியர் இரண்டு முறை கழற்றச் சொன்னதால் இடம் மாறி மாறி உட்கார்ந்தோம்.

புதன்கிழமை கொரியர் பலகையை அளவீட்டு அறையில் கொண்டுவந்து வைத்தார். யாரும் என்னைச் சரிபார்க்கச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு எட்டு போல்ட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஏன் தொட்டேன் என்று எனக்குத் தெரியும். பின் தட்டின் நான்காவது போல்ட், மஞ்சள் கோட்டோடு, விரலால் திருகியதும் சுற்றியது.

பின் தட்டு மெயின்டனன்ஸ்காரர் மாட்டியது. சந்தேகமே இல்லாமல் எனக்கு அப்படித்தான் நினைவிருந்தது. இருவரையும் கூப்பிட்டேன். கொரியர் கண் முன்னால் விரலால் அதைச் சுற்றிக் காட்டினேன்.

"மார்க் போட்டுக்கினு டைட் பண்ணாம வுட்டுக்கீறாரு. மலைமேல இது கழண்டா கால் இன்னாத்துக்கு ஆவும்?" என்று தமிழிலும், பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

மெயின்டனன்ஸ்காரர் போல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாந்தான் விட்டுருப்பேன் போல. தப்புத்தான் சார்" என்றார். சிரிக்கவில்லை. அன்று மாலை கொரியர் என்னிடம் வந்து, நீங்களே வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தேன். தவறு நடந்த நேரத்தைச் சரியாகக் குறிக்க சனிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து:

"3.40. கடைசி முறை. முன் தட்டு அவர். பின் தட்டு நான். நான்கு போல்ட்டிலும் கோடு போட்டுவிட்டு டார்க். மூன்று முடிந்தது. அவர்கள் இருவரும் சிரிப்பு, காரணம் தெரியவில்லை. 3.55 டீ."

கோட்டை முதலில் போட்டது ஒரு தவறு. லைனில் ஒரு பையன் அப்படிச் செய்தால் அவனுடைய வேலை அனுமதிக் கார்டை வாங்கி வைத்துக்கொள்வேன். நான்காவது போல்ட் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு இருந்தது.

காலையில் கம்பெனி பஸ்ஸில் வல்லக்கோட்டையில் அவர் ஏறியதும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன்.

"அந்தப் பின்னாடி பிளேட்டு நீங்க மாட்டல. நான்தான் மாட்டுனேன். எழுதி வெச்சிகிறேன்."

"எது, லூசா கெடந்துச்சே, அதா?"

"ஆமா."

"இப்ப முடுக்கியாச்சுல்லா?"

"முடுக்கியாச்சு."

"பொறவு என்ன? அவருட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீங்களே போய்ட்டு வாங்க அண்ணாச்சி. எனக்குக் குளிரு ஆவாது." பிறகு முன் சீட்டுக்காரரிடம் திரும்பி, "அண்ணாச்சி பனியப் பாக்கப் போறாக, ஆளுக்கொரு டப்பா குடுத்து விடுங்கடே, அள்ளிட்டு வருவாக" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

நான் கொரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். மெயின்டனன்ஸ்காரர் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்து போக என்னால் முடியாது, அதுதான் காரணம். அந்தக் குளிரில் ஐந்து நாளும் அவருடைய பெருந்தன்மையை நினைத்துக்கொண்டு நிற்பதைவிட இங்கேயே இருக்கலாம். நாட்குறிப்பைக் காட்டி வரிவரியாக மொழிபெயர்த்தேன், சிரிப்பு வரியை மட்டும் விட்டுவிட்டேன். கொரியர் தலையசைத்தார். போல்ட் எட்டையும் மறுபடி முடுக்கித் தரச் சொன்னார். பிறகு, அப்படியானால் அண்ணாசி வரட்டும் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர்கள் போன இரண்டாம் நாள், கேண்டீனில் சாம்பார் சாதத்தில் கை வைத்தபோது குரல் செய்தி வந்தது.

"அண்ணாச்சி, எறங்கி முடிச்ச பொறவு இதைக் கழுவணுமா, தொடச்சாப் போதுமா? இவரு ஒண்ணு சொல்லுதாரு, நான் ஒண்ணு சொல்லுதேன். நீங்க சொன்னாத்தான் சரி." பின்னணியில் கொரியர் ஏதோ கத்த, இருவரும் சிரிக்கிற சத்தம்.

பதில் எழுதினேன். பனியைத் தட்டிவிட்டு உலர்ந்த துணியால் துடைக்கவும். ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம், அறைச் சூட்டிலேயே உலரட்டும். லீவரைத் திறந்து வைக்கவும். கம்பியின் வளைவில் நகத்தால் தடவிப் பார்க்கவும். நகம் மாட்டினால் மறுநாள் ஏற வேண்டாம். பூட்ஸ் படும் இடத்தில் எண்ணெய் கூடாது. தினமும் காலையில் எட்டு போல்ட்டையும் ரெஞ்சால் பார்க்கவும், கோட்டை நம்ப வேண்டாம்.

"சரிங்க அண்ணாச்சி" என்று உடனே பதில் வந்தது, கூடவே கும்பிடும் கை.

செய்தி வந்த நேரம் 12.35, நான் பதில் அனுப்பியது 1.15 என்று அன்றைய பக்கத்தில் இருக்கிறது. அந்த நாற்பது நிமிடமும் எனக்குப் பதில் தெரிந்தே இருந்தது.