அரை டிக்கெட்

எழுபதுகளில் டெல்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எதையும் கிண்டலாகத்தான் பேசுவேன். என்னையே கேலி செய்துகொள்வதால், மற்றவர்களைவிட நான் நேர்மையானவன் என்று ஒரு நினைப்பு வேறு.

ஒருமுறை முக்கியமான ஃபைல் ஒன்று காணாமல் போனது. வேலை இன்னும் நிரந்தரமாகாத டைப்பிஸ்ட் சரோஜாவின் மேல் பழி விழுந்தது. உண்மையில், வீட்டில் முடித்துவிடலாம் என்று எடுத்துப்போய், லோதி ரோடு பஸ்ஸில் அதைத் தவறவிட்டது நான்தான். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் எழுந்தேன்.

"சார், ஃபைலைத் தொலைச்சது நான்தான். பஸ்ஸில விட்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தமிழரான எங்கள் அதிகாரியும் சிரித்தார். "அச்சா! ஃபைலுக்கும் டிக்கெட் வாங்கினீரா?"

'இது விளையாட்டில்லை சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அப்பாடா என்றிருந்தது.

"அரை டிக்கெட்தான் சார்" என்று சொல்லி நானும் சிரித்தேன்.

சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"நிஜமாவே நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அப்புறம் எதுக்கு சார் சிரிச்சீங்க?"

அன்று மாலையே அதிகாரியிடம் உண்மையை எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ கிடைத்தது, அவருடைய வேலை தப்பியது. அதன்பின் அவர் என்னோடு பேசவே இல்லை.

இன்றும் நான் மனம் நொந்து எதையாவது சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. யாரைக் கோபித்துக்கொள்வது?