பதினேழாம் எண் வீட்டு வாசல்படி

ஹார்ல்ஷா ஒரு நெசவாலை நகரம். மனவளர்ச்சி குன்றியவர்களுக்காக அங்கே நகராட்சி நடத்திய பகல்நேரப் பயிற்சிக்கூடத்துக்கு நோரா ஆர்மராட் 1938 செப்டம்பர் 5 முதல் 1961 ஜூலை 28 வரை பொறுப்பாளராக இருந்தார். அத்தனை ஆண்டுகளில் எடுத்த விடுப்பு நான்கு நாள். அதில் ஒன்று பல் பிடுங்க.

கூடை பின்னுவது குறைவாக இருக்கிறதே என்று ஒருமுறை மேலதிகாரி கேட்டார்.

"கூடையால யார் வீட்டுல சார் அடுப்பு எரியும்?" என்றார் நோரா. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைப்பது, பொத்தான் தைப்பது, சரியான பேருந்தில் ஏறுவது, இவைதான் அவருடைய பாடங்கள்.

1954 பிப்ரவரி 5 அன்று ஹெர்பர்ட் கிளெக்கின் தாய் இறந்துபோனார். ஹெர்பர்ட்டுக்கு வயது முப்பத்தொன்று. பதினாறு ஆண்டுகளாகக் கூடத்துக்கு வருபவன். பொறுப்பேற்க ஆள் இல்லாவிட்டால் இருபத்தாறு மைல் தள்ளியிருந்த பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். நோராவின் கூடத்திலிருந்து அதுவரை அங்கே போனவர்கள் ஒன்பது பேர். ஒருவரும் திரும்பவில்லை.

அடுத்த வீட்டுத் திருமதி என்ட்விசில் பொறுப்பேற்க முன்வந்தார். அவன் சொந்த வீட்டில் இருக்கத் தகுதியானவன்தானா என்று பார்க்க மார்ச் 12, வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர் லோரிமரும் நகராட்சி உறுப்பினர் ஆலிஸ் ஷாக்கிள்டனும் அவனுடைய பதினேழாம் எண் வீட்டுக்கு வந்தார்கள். நோராவும் கூட வந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தெருவில் படி தேய்க்கும் நாள். ஹெர்பர்ட் வாசல்படியைக் கழுவி, நிறம் ஒட்டும் படிக்கல்லால் ஓரத்தில் தேய்த்துக் கோடு போட்டு முடித்திருந்தான்.

"மிதிக்காதீங்க. காயல" என்று கையை நீட்டி மறித்தான்.

"நான் டாக்டர், ஹெர்பர்ட். வழி விடு."

பக்கத்து வாசலில் நின்ற திருமதி என்ட்விசில், "டாக்டர்னா கால் தரையில படாதோ?" என்றார்.

டாக்டர் மிதித்துக்கொண்டே உள்ளே போனார். ஹெர்பர்ட் கத்தவில்லை. மண்டியிட்டு, அந்தக் காலடித் தடத்தை மறுபடி தேய்த்தான். டாக்டர் தாளில் எழுதியதை நோரா பார்த்தார்: 'பிடிவாதம். சொன்னதைக் கேட்பதில்லை.'

ஆலிஸ் ஷாக்கிள்டன் இருபது ஆண்டு தறி ஓட்டியவர். பாவாடையைத் தூக்கிப் பிடித்து, படியைத் தொடாமல் எட்டிக் கால் வைத்தார்.

"ஓரத்துல மஞ்சக் கோடு யாரு கண்ணு போட்டது?"

"நான்தான். அம்மா வெள்ளை போடுவாங்க. எனக்கு மஞ்சள்தான் பிடிக்கும்."

"என் வீட்டுக்காரருக்கு முப்பது வருஷமாச் சொல்றேன், இன்னும் மிதிச்சுட்டுத்தான் வர்றாரு. இவனையா டாக்டர் அனுப்பணும்?"

"அது இல்லம்மா கேள்வி. யாரும் சொல்லாம தன் வேலையைத் தானே பாத்துக்குவானா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு இவனுக்கு யாரு சொன்னா?"

டாக்டர் நோராவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொல்லல" என்றார் நோரா. "அவங்க அம்மா போயி அஞ்சு வாரமாச்சு. ஒரு நாள்கூட கூடத்துக்கு லேட்டா வரல. வருகைப் பதிவேடு கையிலயே இருக்கு, பாருங்க."

டாக்டர் அதை வாங்கி, ஐந்து வாரத்தையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு தான் எழுதிய வரியை அடித்துவிட்டு, கீழே வேறு எழுதினார்.

மார்ச் 23 அன்று நகராட்சிக் குழு இதில் வாக்களித்தது. ஆதரவு ஐந்து, எதிர்ப்பு மூன்று. ஹெர்பர்ட் தன் வீட்டிலேயே இருக்கலாம்.

விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஜூன் 11 அன்று நோரா போனபோது ஹெர்பர்ட் தேநீர் போட்டுக் கொடுத்தான். இரண்டு கரண்டி சர்க்கரை அதிகம். நோரா மிச்சம் வைக்காமல் குடித்தார்.