இன்னொரு லாரியின் பெர்மிட்

கோடை வந்துவிட்டால் பிஷ்கெக் நகருக்குள் பகலில் கனரக லாரிகளுக்கு இடமில்லை. தார் இளகிச் சாலை குழிந்துவிடுமாம். ஈரக் கான்கிரீட் வண்டிக்கு மட்டும் தனி பெர்மிட் உண்டு. அதுவும் அதில் எழுதிய நம்பர் வண்டிக்கு மட்டும்தான். நகர எல்லைச் சாவடியில் தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்குகிறவள் புருல்சா.

அந்த வேலையை அவள் அலைந்து திரிந்து வாங்கியதே மைராம்பெக்கை ஒருநாள் மடக்கத்தான். அவன் கட்டட கான்ட்ராக்டர். ஒரே பெர்மிட்டில் நாலு வண்டி ஓட்டி ஊரை ஏய்க்கிற மகாராசன். புருல்சாவின் புருஷன் இஷெனையும் அப்படித்தான் இன்னொரு லாரியின் குவாரி பெர்மிட்டோடு, அளவுக்கு மீறி ஜல்லி ஏற்றி அனுப்பினான். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி கவிழ்ந்து இஷென் செத்தான். "அந்த வண்டிக்கு பெர்மிட்டே கிடையாது. அவனா திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போயிருக்கான்" என்று கைகழுவினான் மைராம்பெக். பாவி! மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட, திருடன் வீடு என்று திரும்பிப் போனார்கள். புருல்சாவின் வயிறு எரிந்தது. அதை அவள் அணையவே விடவில்லை.

இந்த ஜூலையில் ஒரு மதியம் அவனுடைய கான்கிரீட் லாரி வந்தது. பெர்மிட்டில் வேறு நம்பர்.

"முதலாளி குடுத்தாரு, கொண்டாந்தேன் அக்கா" என்று டிரைவர் உர்மாத் அவசரமாகச் சொன்னான்.

"உன்ன யார்றா கேட்டா? எறங்கி நிழல்ல உக்காந்து டீ குடி."

பெர்மிட் இல்லாத வண்டி பொழுது சாயும் வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. மைராம்பெக் காரில் பறந்து வந்தான். அங்கே கட்டடத்தில் தளம் பாதி ஊற்றினபடி கிடந்தது. இங்கே லாரியின் சுழலும் டிரம்முக்குள் கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது.

"கட்டையத் தூக்குங்க அக்கா, எல்லாம் கல்லாயிடும்!"

"யார் வண்டி இது?"

"என்னோடதுதான்."

"நம்பர் வேறயா இருக்கே. உர்மாத் திருடிட்டு வந்துட்டானோ?"

வரிசையில் காத்துக் கிடந்த டிரைவர்கள் எழுந்து வந்தார்கள். மைராம்பெக்கின் முகம் கறுத்தது.

"நான்தான் அனுப்புனேன்."

"இஷென அனுப்புனது யாரு?"

அவன் அப்போதுதான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"சத்தமா சொல்லு. வெயில் ஏறுது."

"அவரையும் நான்தான் அனுப்புனேன்! அவர் திருடல! போதுமா?"

டிரைவர்களில் ஒருவன் காறித் துப்பினான். புருல்சாவின் கண் நிறைந்தது. தலைத்துணியின் நுனியால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது தூக்குங்க அக்கா."

"சட்டம் மாறலையே. பொழுது சாயட்டும், தூக்குறேன்."

"ஐயோ, டிரம்மே பாழாயிடும்!"

"ஆகட்டும்."

நாற்காலியை இழுத்து லாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். டிரம் திணறித் திணறி நிற்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.