பிலிப்பைன்ஸ் பாடம்

என் அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வாக எழுதுவதாக இருந்த வருஷம், அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடித்த கதையை நான் தினமும் சத்தம்போட்டு வாசித்தேன். அவள் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தாள். சாயங்காலம் வேன் இறக்கிவிடும்போது அவள் கைகளில் அலுமினியத் தூள் வெள்ளி பூசினதுபோல் ஒட்டியிருக்கும். தொட்டால் புத்தகம் கறையாகிவிடும் என்று, அவள் துவைகல்லில் உட்கார்ந்து கை தேய்க்க, நான் எதிரே நின்று வாசிப்பேன். நான் அப்போது ஏழாவது. அவளுக்குப் பாடம் நின்றதோ இல்லையோ, எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

பிலிப்பைன்ஸ் தீவுகளை ஸ்பெயின்காரன் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டான். தீவுக்காரர்கள் அவனை எதிர்த்துக் கிளம்பியிருந்த சமயத்தில், கியூபா விஷயமாக அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் யுத்தம் வந்தது. அமெரிக்கக் கப்பல்கள் மணிலாவுக்கு வந்து ஸ்பெயின் கப்பல்களை மூழ்கடித்தன. துணைக்கு ஆள் வந்துவிட்டது என்று தீவுக்காரர்கள் தரையில் இன்னும் மும்முரமாகச் சண்டை போட்டார்கள். விடுதலை என்று கொடியும் ஏற்றிவிட்டார்கள். பிறகு பாரிஸில் உட்கார்ந்து பேசி, ஸ்பெயின் அந்தத் தீவுகளை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது.

அந்த இடம் வரும்போதெல்லாம் அக்கா கை தேய்ப்பதை நிறுத்துவாள்.

"அந்த ஊருக்காரங்கள்ல ஒருத்தரையும் கூப்பிடலையா?"

"போன ஆளையும் உள்ள விடலையாம். இதுக்கு ரெண்டு மார்க்குதான். மேல கேளு" என்பேன்.

அக்காவின் கம்பெனியில் ஒரு போர்மேன் இருந்தார். வாயைத் திறந்தால் வசவுதான். சீசன் தொடங்கிய சமயம் வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவார். "அம்புட்டுப் பேரும் வேன்ல ஏறாம இருங்க. முதலாளி தானா எறங்கி வருவாரு. நான் இருக்கேன்" என்று சொன்னார். ஒரு வாரம் யாரும் வேலைக்குப் போகவில்லை. அரிசி இல்லாத வீடுகளுக்கு அவரே அரிசி அனுப்பினார். போர்மேன் போய்விட்டார் என்று செய்தி வந்த அன்று தெருவில் கேசரி கிண்டினார்கள். நாங்கள் சரம் வெடித்தோம்.

மறுபடி வேலைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. முதலாளி அந்த வரிசை அறைகளை இந்த வெளியூர்க்காரருக்கே உள்குத்தகைக்கு விட்டுவிட்டார். அறை, மருந்து, அதில் வேலை பார்க்கிற ஆட்கள் எல்லாம் சேர்த்து.

போர்மேன் வாய் கெட்டவர் என்றாலும், வெயில் ஏறுமுன் கலவையை முடித்துவிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் விடமாட்டார். புதியவருக்கு ஆர்டர் நெருக்கடி. நாலு பேர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் வேப்பமரத்தடியில் திரி வைத்தார்கள். உச்சி வெயிலிலும் அக்கா கலக்க வேண்டியிருந்தது.

மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. எங்கேயாவது தொம்மென்று சத்தம் கேட்டால் வகுப்பு முழுக்க அப்படியே நின்றுவிடும், டீச்சர் உட்பட. எந்தப் பக்கத்து ஜன்னல் அதிர்ந்தது என்று பார்ப்போம். "குவாரியில கல்லுக்கு வைக்கிற வெடியா இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பிக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

ஒரு மதியம் சல்லடையில் இருந்த மருந்து சூடேறுவதை அக்கா கையில் உணர்ந்திருக்கிறாள். ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த வெளியூர்க்காரர் வீட்டுக்கு வந்தார். அம்மா என்னைக் கடைக்கு விரட்டி கலர் சோடா வாங்கி வரச் சொன்னாள்.

"என்ன மைனி, ஒங்க மக கலெக்டரம்மா கணக்கா மணி பாத்துத்தான் வேலை பாப்பாளாமே" என்றார் அம்மாவிடம்.

"வெயில்ல மருந்து கொதிக்கி. வெள்ளனக் கலக்கச் சொன்னா வாரேன்" என்றாள் அக்கா.

அவர் கலரை மெதுவாகக் குடித்தார். "நீ வரலேன்னா நாளைக்கு எதுத்த வீட்டுப் பிள்ளையத்தான் கலக்கச் சொல்லணும். அதுக்குப் பக்குவம் பத்தாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ரூமுல இருக்கது அம்புட்டும் ஒங்க தெருதான். யோசிச்சுக்கோ."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏ பிள்ள, கையில என்ன புஸ்தகம்?"

என் திறமையைக் காட்ட வேறு சந்தர்ப்பம் வாய்க்குமா? கியூபாவில் தொடங்கி மணிலா வழியாகப் பாரிஸ் வரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அம்மா முந்தானை மறைவில் கையை நீட்டி என் முதுகைக் கிள்ளினாள். எங்கோ தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பாரிஸை மறுபடியும் ஒருமுறை சொன்னேன். அவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. தீவுக்காரங்க பேசாமயா இருந்தாக?"

"இல்ல மாமா. அமெரிக்காகூட வருசக்கணக்கா சண்டை போட்டாங்க."

"யாரு செயிச்சா?"

"அமெரிக்காதான்" என்றேன், சத்தமாக.

அவர் சிரித்தார். "சின்னவளுக்கு வெவரம் இருக்கு மைனி. நல்லாப் படிக்க வைங்க." பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அக்கா எதிர்வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அக்கா சீசன் முடிகிறவரை போனாள். தினமும் திரும்பியும் வந்தாள். பரீட்சை எழுதவில்லை. நானும் எட்டாவதோடு நின்று பல ஊர்களில் பல வேலை பார்த்துவிட்டேன். இன்றைக்கும் யோசிப்பது அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய அந்தக் காலையைத்தான்.

கம்பெனிக்குள் உலோகம் ஆகாது, உரசினால் பொறி பறக்கும். மற்ற நாட்களில் அவள் கொலுசைக் கம்பெனி வாசலில் கழற்றி, சோற்றுத் தூக்குப் பையில் போட்டுக்கொள்வாள். அன்று வீட்டிலேயே கழற்றினாள். என்னைக் கூப்பிட்டு, குனிந்து, என் காலில் மாட்டிவிட்டாள். திருகாணி இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பாடத்தைச் சரியாகச் சொன்னதற்குப் பரிசு என்று எனக்குத் தோன்றியது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேன் வரைக்கும் நான் கூடவே ஓடினேன், கொலுசுச் சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று காலைத் தட்டித் தட்டி. உள்ளே இருந்த பெண்கள் என் காலையும் அக்காவின் வெறுங்காலையும் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.