தொரைக்குப் பெய்யும் மழை

பெருவிரலில் பாதி எலுமிச்சையைத் தேய்த்து முகர்ந்து பார்க்கிறார் பரிமளம் அக்கா. முகம் சுளிக்கிறது. மறுபடியும் தேய்க்கிறார். அடுத்தது சுட்டுவிரல், அதன் பிறகு நகக்கண். பத்து விரலும் பாஸாகும் வரைக்கும், பக்கத்தில் வாழையிலையில் குவிந்து கிடக்கும் மல்லிகை மொட்டுகளைத் தொடமாட்டார். மாலைக்கு வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கடை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"அம்மாளுக்குப் போற பூவுங்க. மீன் வாடை பட்டா எனக்குத்தான் பாவம். கொஞ்சம் பொறுங்க" என்பார்.

மாத்தளையில் அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது அவருடைய பூசைச் சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, சந்தனம், பன்னீர் என்று கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் மூக்கு கொண்டுவந்து சேர்த்துவிடும். கடைக்காரியின் பெயரும் பரிமளம். இத்தனை வாசனைக்கும் நடுவில் அவருடைய கை மட்டும் வாரத்தில் இரண்டு நாள் திலாப்பியா மீன் மணக்கும். ஒருமுறை பெரியவர் ஒருவர் மாலையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த மல்லிகை திருகோணமலைக் கடலிலா பூத்தது என்று கேட்டுவிட்டார். எலுமிச்சைப் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

வாடைக்குக் காரணம் பின்கட்டில் இருக்கிறான். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம், முற்றத்தில் ஒரு பெரிய சீமெந்துத் தொட்டி. அதற்குள் கை நீளத்துக்கு ஒரு செவ்வால் கெளுத்தி. கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, குங்குமத்தில் தோய்த்தெடுத்த வால், இரண்டு பக்கமும் தொங்கும் மீசை. பெயர் தொரை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அக்கா யோசித்து வைத்த பெயர் அது.

"எங்க தோட்டத்து பெரிய தொரைக்கும் இதே மீசைதான். வேலைன்னு ஒண்ணும் கெடையாது. வேளைக்குச் சாப்பாடு வரல்லன்னா உறுமுவாரு" என்று விளக்கம் சொல்வார். மீன் உறுமுமா என்று கேட்பவர்களைத் தொட்டியருகே கூட்டிப்போய் நிறுத்துவார். தொரையும் அக்காவின் மானத்தைக் காப்பாற்ற ஒருமுறை உறுமிக் காட்டுவான்.

மகன் கஜீபன் வாங்கி வந்தபோது விரல் நீளக் குஞ்சு. பெரிதாக வளராது என்று மீன் கடைக்காரர் சத்தியம் செய்தாராம். அவர் பொய் சொல்லவில்லை, விற்கிற வரைக்கும் அது வளரவில்லைதான். அப்புறம் சின்னக் கண்ணாடித் தொட்டி போதாமல் பெரிய கண்ணாடித் தொட்டி, அதுவும் போதாமல் சீமெந்துத் தொட்டி. அதைக் கட்டி முடித்த கையோடு மகன் கட்டாருக்குப் பறந்துவிட்டான். வீடியோவில் வந்தால் முதல் கேள்வி, "அவன் சாப்பிட்டானா?" பெற்றவள் சாப்பிட்டாளா என்று அவன் கேட்கிற நாளில் நெட் இருக்காது என்பது அக்காவின் கணிப்பு.

திங்களும் வியாழனும் வில்கமுவயிலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு குளத்து மீன் விற்க வருவார். அக்கா திலாப்பியாவைச் செவுள் பார்த்து வாங்கி, முள்ளுச் செட்டையை நறுக்கி எறிந்துவிட்டு, துண்டு போட்டு, ஒவ்வொன்றாக விரல் நுனியில் பிடித்து நீர்மட்டத்தில் நீட்டுவார். தொரை அவசரப்படமாட்டான். மீசையால் விரலைத் தடவி ஆள் யாரென்று பார்ப்பான். பிறகு ஒரு சட்டி போகிற அளவுக்கு வாய் திறக்கும், 'களக்' என்று ஒரு சத்தம், மீனும் தண்ணீரும் உள்ளே. மெல்லுகிற வேலையே இல்லை. கோழி, மாடு எதுவும் கூடாது, அந்தக் கொழுப்பு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. பாண், பிஸ்கட் என்று போட வருகிறவர்களுக்குத் திட்டு விழும். சாப்பாடில்லாத நாளிலும் அவன் மேலே வந்து வாயைப் பிளப்பான். "நடிப்பு" என்று அக்கா ஒரே சொல்லில் கடந்து போவார்.

வாயருகே வந்ததையெல்லாம் விழுங்குவதும் தொரையின் குணம். சவர்க்காரப் பெட்டி மூடி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, துணி உலர்த்தும் கிளிப் எல்லாம் உள்ளே போயிருக்கின்றன. ஒத்துவராததைக் கொஞ்ச நாளில் கக்கிவிடுவான். அக்கா அதையெல்லாம் கழுவி மறுபடி பாவிப்பார், திட்டிக்கொண்டே. கணவர் போய்ச் சேர்ந்து, மகனும் வெளிநாடு போன வீட்டில் திட்டுவதற்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே ஆள் தொரைதான். அதனால் அவன்மேல் அவருக்கு உயிர்.

கோயிலில் கொடி ஏறினால்தான் சிக்கல். கொடியேற்றத்திலிருந்து தேர் முடியும்வரை அக்கா வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டைகூட இல்லை. அவருக்கு ஒரு பொழுது சாப்பாடு. தொரைக்கு? அதற்கும் அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது.

"கொடி ஏறுனா கவுச்சி வாசப்படி தாண்டக் கூடாதுன்னுதான் எங்கம்மா சொன்னாங்க. செவரு தாண்டக் கூடாதுன்னு சொல்லல்ல. மேலருந்து விழுந்தா அது மழை மாதிரி. மழைக்கு யாரு பொறுப்பு?"

முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கடை ஸரீனாவின் வீடு. ஒவ்வொரு திருவிழாவுக்கும் குறித்த நாளில் ஸரீனா சுவருக்கு மேலால் மீன் துண்டுகளை எறிவார். இந்தப் பக்கம் அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். தொட்டிக்கு மேல் மழை பெய்யும், 'களக்' சத்தம் கேட்கும், இருவரும் சமையல் பற்றிப் பேசுவார்கள்.

இந்த வருடம் கொடியேற்றமும் ரமழான் நோன்பும் சேர்ந்து வந்தன. பட்டினி கிடப்பவரிடம் மீன் நறுக்கச் சொல்வதா என்று அக்கா தயங்கினார். "நோம்பு எனக்குத்தானே அக்கா, ஒங்கட மீனுக்கில்லையே. நீங்க நாளச் செல்லுங்க, நான் எறியிறேன்" என்றார் ஸரீனா. எறியவும் செய்தார். ஒரு குறையும் வைக்கவில்லை.

குறை அக்காவின் வயிற்றில் இருந்தது. ஒரு பொழுதுச் சாப்பாட்டில் கிடந்தவர் ஒரு மத்தியானம் முற்றத்துக்கு வந்தபோது, தொரை வழக்கம்போல மேலே வந்து வாயைப் பிளந்தான். மற்ற நாளென்றால் நடிப்பு. அன்றைக்கு அக்காவின் குடலும் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததால் அவர் அதை நம்பிவிட்டார். கையில் கறிக்காகப் பிரித்த சோயாமீட் பாக்கெட் இருந்தது. பேரில்தான் மீட், பிறப்பால் சுத்த சைவம். வாசற்படி தாண்டலாம், மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிடி அள்ளிப் போட்டார். களக். இன்னொரு பிடி. களக்.

சோயாமீட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துதான் கறிக்குப் போட வேண்டும், ஊறினால் பல மடங்காகப் பருக்கும் என்பது குசினிக்குள் கால் வைத்த எவருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தொரையின் வயிற்றுக்குள்ளும் அது ஊறத்தான் போகிறது என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மறுநாள் தொரையின் வயிறு குடமாகிவிட்டது. ஒரு பக்கமாகச் சரிந்து மிதந்தான். ஸரீனா எறிந்த துண்டு தலையில் பட்டு விழுந்தும் அவன் திரும்பவில்லை. வீடியோவில் பார்த்த கஜீபன் முதலில் கத்தினான், அப்புறம் அழாத குறையாகச் சொன்னான்: ஒன்றும் கொடுக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்று, அவனாகக் கக்க வேண்டும். "கக்குனா தப்புவாம்மா. இல்லன்னா..." என்ற இடத்தில் நெட் போய்விட்டது.

அக்கா கடையைப் பாதி சாத்திவிட்டுத் தொட்டியடியில் உட்கார்ந்தார். தொட்டி விளிம்பைச் சுற்றி விபூதி பூசினார். தண்ணீருக்குள் ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. பக்தி வேறு, தண்ணீர்ச் சுத்தம் வேறு. சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்த ஸரீனாவிடம் புலம்பினார்.

"ஒரு உசிரும் நோகக் கூடாதுன்னு கவுச்சிய விட்டேன். இப்ப கவுச்சி இல்லாமலே ஒரு உசிர நோகடிச்சிட்டேன் பாரு."

தேருக்கு முந்தின நாள் தொரை கக்கினான். ஊறிப் பருத்த சோயாமீட், இத்தனையும் எங்கே இருந்தது என்று கேட்கும்படியாக வந்தது. கூடவே, காணாமற்போய் ஸரீனாவின் துணிக்கொடியில் தேடப்பட்ட ரோஸ் நிறக் கிளிப்பும் வந்தது. அக்கா வடிகட்டியில் அள்ளி அள்ளிக் கொட்டினார், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வயிறு இறங்கிவிட்டது. ஆனால் தொரை சாப்பிடவில்லை. மழை பெய்தது, அவன் மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். உன் கையால் கொடுத்துப் பார் என்றான் கஜீபன். கொடி இன்னும் இறங்கவில்லையே என்றார் அக்கா. இத்தனை வருடம் காத்த விரதம் ஒரு பக்கம், மூலையில் மங்கிக் கிடக்கும் தொரை ஒரு பக்கம்.

தேரன்று ஊரில் எலுமிச்சைக்குத்தான் மவுசு. தேர்ச்சில்லுக்கு அடியில் வைக்கவும் அர்ச்சனைத் தட்டுக்கும் போக அக்காவின் கூடை காலையிலேயே காலி. தனக்கென்று ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. விரத நாளில் அவருக்கு எதற்கு எலுமிச்சை?

பின்னேரம் வீதி முனையில் மேளம் கேட்டது. ஸரீனா சுவரடிக்கு வந்தார். கையில் பீங்கான் தட்டில் உரித்த இறால். எறியவில்லை. பீங்கானைச் சுவர்மேல் வைத்தார். மேளம் நெருங்கியது. அக்கா இறாலைப் பார்த்தார், தொரையைப் பார்த்தார், அப்புறம் வானத்தையும் ஒருதரம் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை.

"இன்னைக்கு மழை கொஞ்சம் தாழப் பெய்யுதுன்னு வச்சுக்குவோம்" என்றார்.

இறால் பிடித்த விரல் தண்ணீரைத் தொட்டது. மூலையிலிருந்து மீசை ஒன்று நீண்டு வந்து அந்த விரலைத் தடவியது. நிதானமாக, சந்தேகம் தீரும்வரை. பிறகு, களக். அக்கா இன்னொன்றை நீட்டினார், சேர்த்து வைத்திருந்த வசவு முழுவதையும் அவன் தலையில் கொட்டினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

தேர் வந்துவிட்டது என்று ஸரீனா சொன்ன பிறகுதான் கை நினைவுக்கு வந்தது. ஓடினார். குழாயில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து முகர்ந்தார். இறால். மறுபடி தேய்த்தார். மறுபடியும் இறால். எலுமிச்சைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார், காய்ந்த வெற்றிலை ஒன்று விழுந்தது. வாசலுக்கு வந்தபோது அம்மாளின் தேர் கடைக்கு நேரே நின்றது. வீதி முழுக்கக் கூப்பிய கைகள் தலைக்கு மேலே. பரிமளம் அக்கா மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் செய்யாத பள்ளிப்பிள்ளை போலத் தலையைக் குனிந்தபடி நின்றார்.

வீட்டைச் சுற்றி ஓடிவந்து அவருக்குப் பின்னால் வந்து நின்றார் ஸரீனா. நோன்பு திறக்கும்போது சர்பத் கரைக்கவென்று நறுக்கியிருந்த பாதி எலுமிச்சையை அந்தக் கைகளுக்குள் வைத்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பெருவிரலிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.