மார்த்தாண்டத்தில் இன்னொரு லினக்ஸ்காரர்

இன்று மார்த்தாண்டத்தில் பிரிண்டர் வாங்கப் போனேன். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட என் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டுதான். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், லினக்ஸில் ஓடுமா என்று செருகிப் பார்க்காமல் நம்ப முடியாது.

கடைக்காரர், “விண்டோஸ் சும்மாவே போட்டுத் தாறேன் சார், எதுக்கு இந்தக் கஷ்டம்?” என்றார்.

வேண்டாம் என்றேன்.

மூன்று பிரிண்டர்கள் அசையவே இல்லை. நான்காவது, சிடி எதுவும் கேட்காமல் முழுப் பக்கத்தையும் அடித்துத் தள்ளியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கடையில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பில் போடும்போது கடைக்காரர் சொன்னார்: “போன வருஷமும் இதே லினக்ஸோட ஒரு ஆளு வந்தாரு, கேட்டியளா. எல்லாத்தையும் சொருகிப் பாத்துட்டு வெறுங்கையோட போனாரு.”

 இந்த ஊர்ப்பக்கம் இன்னொரு லினக்ஸ்காரரா!

“யாரு அண்ணாச்சி? குழித்துறைக்காரரா? நம்பர் உண்டுமா?”

அவர் பில்லிலிருந்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“அது நீங்கதான்லா சார்!”

போன வருடம் நான் ஏறி இறங்காத கடையில்லை. இந்தக் கடை எனக்குத்தான் மறந்துபோயிருக்கிறது.

இந்த ஊர்ப்பக்கம் வேறு லினக்ஸ்காரர் யாராவது இருந்தால் ஒரு கமெண்ட் போடுங்கள். அச்சடித்துச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். இப்போதுதான் பிரிண்டர் இருக்கிறதே.